கடைவீதிக்காரங்க சேர்ந்து ஊருக்கு ஒண்ணு செய்யணும்னா பணத்தை எப்படிச் சேர்க்கிறது?

பாபின் கடை எழுதியது:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு நகராட்சி ஊர். பேர் வேண்டாம், எங்க சங்கத்துக்காரங்களும் இங்கே படிக்கிறாங்க. கடைவீதியில தையல் சாமான் கடை வெச்சிருக்கேன். நூல்கண்டு, லைனிங், கொக்கி, ஃபால்ஸ், ஜிப், சரிகை பார்டர். மாமனார் ஆரம்பிச்ச கடை. அவருக்கு அப்புறம் நான் பார்க்கிறேன்.

எங்க கடைவீதியில நூறு கடைக்கு மேல இருக்கு. பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு இருக்கு, அதை வாசல்லயிருந்து பார்த்தாலே திரும்பி வந்துடுவீங்க. சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து காலையில பஸ் ஏறி வர்றவங்க ஜாக்கெட் துணி எடுத்து, மேட்சிங் பார்த்து, பாத்திரக்கடை, நகைக்கடை எல்லாம் முடிச்சுக் கிளம்ப சாயங்காலம் ஆகுது. "அக்கா, பின்னாடி பாத்ரூம் இருக்கா?"ன்னு மெதுவா கேப்பாங்க. குடோனுக்குப் பின்னாடி இடுக்குல ஒண்ணு இருக்கு, சாவியைக் கொடுத்துடுவேன். முகூர்த்த மாசத்துல அதுக்கே வரிசை நிக்கும். வீட்டுலேர்ந்து கிளம்புறப்பவே தண்ணி குடிக்காம வர்றோம்னு எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க.

இப்ப பைபாஸ்ல பெரிய ஜவுளிக்கடை வந்திருக்கு. ஏசி, லிஃப்ட், மாடிக்கு மாடி பாத்ரூம். எங்க வீதியைவிட அங்கே விலை கூடுதல்தான், ஆனாலும் அங்கே போறாங்க. "புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா உங்க வீதியில என்ன பண்றது?"ன்னு ஒரு வாடிக்கைக்காரம்மா நேராவே கேட்டுட்டாங்க. அதனால இதை நான் தர்மகாரியமா மட்டும் பார்க்கலை, யாவாரமும் இதுல இருக்கு.

வணிகர் சங்கம் இருக்கு. திருவிழாவுக்கு வசூல், மே 5 வணிகர் தினத்துக்கு பேனர், யாராவது அதிகாரி மாறிப்போனா சால்வை. வசூல் நோட்டு வரும், மேல் வரியில பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு எழுதியிருக்கார்னு பார்த்து அதுக்கு நூறு குறைச்சோ கூட்டியோ எழுதுவோம். கணக்கு வாசிச்சு நான் கேட்டதில்லை. கழிப்பறை விஷயத்தைப் பேசினா "அது நகராட்சி வேலை"ன்னு தலைவர் சொல்லிட்டார். நகராட்சியில கேட்டா நிதி இல்லைங்கிறாங்க.

எங்களை மாதிரி சின்னக் கடைக்காரங்க ஊருக்குன்னு ஏதாவது கட்டி, அது நின்னு ஓடியிருக்கா? பணத்தை எப்படிச் சேர்த்தாங்க, யார் கையில வெச்சாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா ஒருத்தன் எழுதியது:

அக்கா, நல்ல எண்ணம். ஆனா எங்க ஊர்ல இதே மாதிரி ஆரம்பிச்சு கல்வெட்டுல யார் பேர் மேல, யார் பேர் கீழன்னு சண்டை வந்து, கட்டடம் பாதியில நிக்குது. கல்வெட்டு மட்டும் ரெடி. நம்ம ஆளுங்க தனித்தனியா நல்லவங்க, சங்கம்னு உக்காந்தா போச்சு.

கணக்கப்பிள்ளை எழுதியது:

தாயி, நான் விருதுநகர். பருப்பு மண்டியில கணக்கெழுதி ஓய்ஞ்சவன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கிடணும்.

வசூல் நோட்டைத் தூக்கிக்கிட்டுக் கடை கடையாப் போறதை முதல்ல நிறுத்துங்க. நோட்டு வந்தா கொடுக்கிறவன் பெரிய மனுசன், வாங்குறவன் கை நீட்டுறவன். கூடக் கொடுத்தவனுக்குச் சபையில முன் நாற்காலி, குறைச்சுக் கொடுத்தவனுக்கு மனசுல குத்தல். அடுத்த வருசம் நோட்டு வர்ற நேரத்துக்கு அவன் கடையில இருக்க மாட்டான்.

எங்க பக்கம் மகமைன்னு ஒரு வழக்கம். எங்க மண்டிக்கு மல்லி 40 கிலோ மூடையா வரும். வத்தல், பருப்பெல்லாம் 100 கிலோக் கணக்கு. கடலை எண்ணெய் 15 கிலோ டின்னு. பேப்பர்ல விருதுநகர் மார்க்கெட் நிலவரம்னு போடுறானே, அதே கணக்குதான். சரக்கு கைமாறினா பில்லுல சரக்கு விலைக்குக் கீழே கமிஷன் எழுதுவோம், எடைகூலி, இறக்குகூலி, சாக்கு எழுதுவோம், கடைசியில மகமைன்னு ஒரு வரி. மூடைக்கு இவ்வளவுன்னு சில்லறைக் காசுதான். வாங்குறவனுக்கும் வலிக்காது, விக்கிறவனுக்கும் வலிக்காது. அந்தக் காசு முதலாளி வரவுல ஏறாது. பேரேட்டுல அதுக்குன்னு தனிப் பக்கம் உண்டு. நான் சேர்ந்த புதுசுல பெரிய கணக்கப்பிள்ளை சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கல்லாவுல ரொக்கம் இல்லேன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து கைமாத்து எழுதக் கூடாதுங்கிறதுதான். சாயங்காலம் வச்சிடுறேன்னு முதலாளியே கேட்டாலும் பேனாவை மூடிருவார் அவர். முதலாளி முறைப்பார், ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டார்.

இதுல என்ன நுணுக்கம்னா, யாரும் யாரையும் போய்க் கேக்க வேண்டியதில்லை. சரக்கு போகப் போகக் காசு தானா ஒதுங்குது. யாவாரம் கூட நடக்கிற கடை கூடக் கொடுக்கும், அதுக்காக அவனுக்கு மாலை கிடையாது. யாவாரம் படுத்த மாசம் குறைச்சுத்தான் வரும், அதுக்காகத் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

எப்படி வந்ததுன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ரோடு சரியில்லாத காலத்துல மாட்டு வண்டியிலயும் பொதிமாட்டுலயும் கருப்பட்டி, கருவாடு, பருத்தின்னு ஏத்திக்கிட்டுப் போன யாவாரிக, ராத்திரி தங்க ஊருக்கு ஊர் பேட்டை கட்டினாங்க. சுத்துச் சுவர், ஒரே வாசல், கதவைப் பூட்டினா கள்ளன் வர முடியாது. உள்ளே வர்ற வண்டிக்கும் மாட்டுக்கும் இவ்வளவுன்னு வாங்கி அந்தப் பேட்டையைப் பராமரிச்சாங்க. அந்தக் காசுதான் பின்னால ஊர்ப் பொதுப்பணமா வளர்ந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டின்னு இந்தப் பக்கத்து நாடார் ஊர்கள்ல உறவின்முறைன்னு அமைப்பு இருந்து அதை நிர்வாகம் பண்ணுச்சு. 1876-ல மதுரை - தூத்துக்குடி ரயில் வந்தப்புறம் எங்க ஊருக்கு, அப்ப விருதுபட்டின்னு பேரு, யாவாரம் பெருகுச்சு. மகமையும் சேர்ந்து பெருகுச்சு.

அந்தப் பணத்துல வந்ததுதான் சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடம். பள்ளிக்குன்னு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் எடுத்தாங்க. உலையில போட அரிசி அளக்கிறப்ப ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போட்டுவைக்கிறது. ஆம்பளை யாவாரத்துல மகமை, பொம்பளை அடுப்படியில பிடியரிசி, ரெண்டும் ஒரே சூத்திரம்தான். கொடுக்கிறவனுக்கே தெரியாம ஒதுங்கணும். 1903-ல பிறந்த காமராசர் படிச்சது அந்தப் பள்ளிக்கூடத்துலதான். ஆறாங்கிளாஸோட நின்னு மாமா துணிக்கடைக்குப் போயிட்டார்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அவர் நாட்டுக்குப் பள்ளிக்கூடமும் மத்தியானச் சோறும் போட்டதுக்கு எங்க ஊர் பிடியரிசிதான் விதைன்னு இங்கே மேடைக்கு மேடை பேசுவாங்க. எவ்வளவு நிசமோ, ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு. 1947-ல செந்திக்குமார நாடார் கல்லூரி வந்ததும் இந்த யாவாரிக காசுலதான்.

சும்மா ஒருத்தன் தம்பி சொன்ன கல்வெட்டுச் சண்டைக்கு எங்க பெருசுக வச்சிருந்த மருந்து முறைகாரர். தலைவர்னு ஒருத்தரை ஆயுசுக்கும் உக்காத்தி வைக்கலை. முறை வச்சு ஆள் மாறும். உன் முறை வந்தா நீ வசூலைப் பார்த்துக் கணக்கு வச்சு, முறை முடிஞ்சதும் கூட்டத்துல வாசிச்சு, மிச்சத்தை எண்ணி அடுத்தவன் கையில ஒப்படைக்கணும். நாளைக்கு நம்ம முறை வரும், நம்ம கணக்கையும் நாலு பேர் நோண்டுவான்னு தெரிஞ்சவன் இன்னைக்கு அடுத்தவன் கணக்கை மரியாதையா நோண்டுவான். எல்லா வருசமும் ஒழுங்கா நடந்துச்சான்னு கேட்டா, நடக்கலை. கூட்டத்துல செருப்பு பறந்ததும் உண்டு. ஆனா கணக்கு வாசிக்காம கூட்டம் கலைஞ்சதா நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொண்ணு, இதைத்தான் எல்லாரும் மறந்துருவாங்க. சேர்ந்த பணத்தைக் கட்டடத்துல கொட்டிட்டு கையைத் தட்டிக்கிட்டு எந்திரிக்கலை. கடை கட்டி வாடகைக்கு விட்டாங்க, மண்டபம் கட்டினாங்க. வாத்தியார் சம்பளத்துக்கு மகமையோட இந்த வாடகையும் கைகொடுத்துச்சு. யாவாரம் படுத்த வருசம் மகமை குறையும். வாத்தியாருக்குப் பசி குறையாதுல்ல?

உங்க விஷயத்துக்கு வர்றேன். கழிப்பறை கட்டுறது பெரிய காரியமில்லை தாயி. கட்டி ரெண்டாம் மாசம் குழாய் உடையும், மூணாம் மாசம் லைட்டு போகும், ஆறாம் மாசம் பூட்டு தொங்கும். உங்க பஸ் ஸ்டாண்டுல இருக்கிறதையும் ஒருத்தர் ரிப்பன் வெட்டித்தான் திறந்திருப்பார். அதனால முதல்ல சுத்தம் பண்ற அம்மாவோட சம்பளத்தைக் கணக்கு போடுங்க. காலையில ஒருத்தர், மத்தியானத்துக்கு மேல ஒருத்தர். அப்புறம் தண்ணி, கரண்டு, பினாயிலு, நாப்கின் போட மூடி வச்ச வாளி. இந்த மாசச் செலவு நிரந்தரமா வரும்னு உறுதியானப்புறம் செங்கல் வாங்குங்க.

நூறு கடைன்னு சொல்றீங்க. கல்லா மூடுறப்ப ஆயிரம் ரூபா யாவாரத்துக்கு ஒரு ரூபா ஒதுக்கச் சொல்லுங்க. நாளைக்கு பத்தாயிரம் ஓடுற கடை பத்து ரூபா போடும், பூக்காரம்மா ஒரு ரூபா போடும். சராசரி அஞ்சு ரூபான்னு வச்சுக்கிட்டாலும் நாளைக்கு ஐநூறு, மாசத்துக்கு பதினஞ்சாயிரம். உங்க ஊர்க் கூலிக்கு ரெண்டு பேருக்கு அது காணுதான்னு பாருங்க, காணலேன்னா ரெண்டு ரூபாயாக்குங்க. எவ்வளவு யாவாரம்னு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டான், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. பொய் சொல்றவனும் ஒரே அளவாத்தான் பொய் சொல்லுவான்.

தலைவர் சம்மதத்துக்கு நிக்காதீங்க. பக்கத்துப் பக்கத்துல பத்துக் கடை சேர்ந்தா ஆரம்பிச்சிரலாம்.

பவர் டேபிள் எழுதியது:

அக்கா, திருப்பூர்லருந்துங்க. பத்து மிசின் போட்டு ஜாப் ஒர்க் பண்றேன்.

எங்க ஊர் சமாச்சாரம் ஒண்ணு சொல்றனுங்க. 2015-ல தொழில்காரங்க சேர்ந்து 'வனத்துக்குள் திருப்பூர்'னு ஆரம்பிச்சாங்க. வருசத்துக்கு லட்சக்கணக்குல செடி வெக்கிறாங்க. நாலு பேர் நின்னு போட்டோ புடிச்சுட்டுப் போற கதையாத்தான் இருக்கும்னு நானும் நினைச்சேன். ஆனா அவிங்க ரோட்டோரத்துல நட்டுப்போட்டு ஓடலைங்க. எந்த விவசாயி தோட்டத்துல தண்ணி வசதி இருக்குது, ஆடு மாடு உள்ள வராம வேலி இருக்குதுன்னு பார்த்து, அவிங்க காட்டுல போய் இலவசமா நட்டுத் தர்றாங்க. தண்ணி ஊத்துறது தோட்டத்துக்காரர் பொறுப்பு. யார் பார்த்துக்குவாங்கன்னு தெரிஞ்சாத்தான் குழியே தோண்டுறது. ஐயா சொன்ன சுத்தம் பண்ற அம்மா சம்பளமும் அதேதானுங்க.

முழுசாச் சொல்லோணும்ல, அதனால இதையும் சொல்லிடறேன். இதே ஊர்தான் சாயத்தண்ணியை நொய்யல்ல உட்டு ஆத்தையே கொன்னுச்சு. ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணி விவசாயத்துக்கே ஆகாமப் போச்சு. 2011 சனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறை மொத்தத்தையும் மூடச் சொன்னப்ப நாங்க சோத்துக்கு அல்லாடுனோம். அதுக்கப்புறந்தான் ஒரு சொட்டு வெளிய உடாத சுத்திகரிப்பு வந்துச்சு. மரம் வெக்கிறது நல்லதுதானுங்க, ஆனா அது அந்தக் கடனுக்கு வட்டிதான், அசல் இன்னும் பாக்கி. உங்க கடைவீதிச் சாக்கடை எங்க போய் உழுகுதுன்னும் ஒருக்கா பாத்துக்கோங்க. கழிப்பறை கட்டி செப்டிக் டேங்க் வெக்காம வாய்க்கால்ல சேத்துட்டா, கீழ இருக்கிற தெருக்காரங்க உங்களைத்தான் திட்டுவாங்க.

தெற்குத் தெரு எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் மகமை ஒரு சாதிக்குள் நடந்த விஷயம். நிர்வாகம் ஒரு சாதி, சொத்தும் அந்தச் சாதிப் பேரில். எல்லோரும் இதை "ஊர்ப் பணம்" என்று புகழும்போது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: எந்த ஊர்? மூடை தூக்கிய லோடுமேன் அந்தக் கூட்டத்தில் கணக்குக் கேட்டிருக்க முடியுமா? இந்தக் காலத்துக் கடைவீதியில் பாய் கடை இருக்கும், சேட்டுக் கடை இருக்கும், செருப்புத் தைப்பவர் இருப்பார். பழைய அச்சை அப்படியே எடுத்தால் அவர்களெல்லாம் காசு மட்டும் போடுவார்கள், கூட்டத்தில் நாற்காலி இருக்காது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

நியாயமான கேள்வி. சுத்தி வளைக்காம சொல்றேன். லோடுமேன் கேட்டிருக்க முடியாது.

ஏன் சாதிக்குள்ளயே சேர்த்தாங்கன்னா, அன்னைக்கு நாடார்களை வெளியில நிறுத்தியிருந்தாங்க. கோயிலுக்குள்ள போக முடியாது. கமுதிக் கோயிலுக்குள்ள போனதுக்கு வழக்கு அன்னைக்குக் கடைசி கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908-ல தோத்தாங்க. 1899-ல சிவகாசியில கலவரம். ஊர்க் கிணறு, ஊர்ப் பள்ளிக்கூடம்னு அடைச்ச கதவு ஒண்ணொண்ணுக்கும் எதிர்க்கத் தாங்களே ஒண்ணு கட்டினாங்க. அது காரணம்தான், ஆனா நூறு வருசம் கழிச்சும் சாக்கா நிக்கக் கூடாது. வெளியில நிறுத்தப்பட்ட வேதனை தெரிஞ்சவங்க, உள்ளே வந்தப்புறம் வாசலை எவ்வளவு திறந்தோம்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்லை.

அதனால தாயி, தெற்குத் தெரு தம்பி சொல்றதைப் பிடிச்சுக்கோங்க. சூத்திரத்தை எடுத்துக்கிடுங்க, உறவின்முறையை எடுக்க வேண்டாம். வீதியில கடை போட்டிருக்கிற எல்லாரும் உறுப்பினர். தரைக்கடைப் பூக்காரம்மா, செருப்புத் தைக்கிறவர், தள்ளுவண்டிக்காரர், எல்லாரும். கூடப் போடுறவனுக்குக் கூட ஓட்டு கிடையாது, ஆளுக்கு ஒண்ணுதான். சுத்தம் பண்ண வர்ற அம்மாவையும் கூட்டத்துல உக்கார வைங்க, எந்தக் குழாய் ஒழுகுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம், அந்த வேலைக்கு இன்ன சாதிதான் வரணும்னு யாராவது வாயைத் திறந்தா அங்கேயே அடைச்சிருங்க.

ஆடிட்டர் ஆபீஸ் எழுதியது:

கணக்கு வேலை பார்ப்பதால் சட்டப் பக்கம் கொஞ்சம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். ஆண்டுக் கூட்டம் போட்டு, தணிக்கை செய்த கணக்கை ஒவ்வொரு வருடமும் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் பழைய வணிகர் சங்கத்தோடு மல்லுக்கட்டாமல் இதற்கென்று தனியாகப் பதிவது உத்தமம். வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும்.

பெரியவர் சொன்ன "முதலாளி வரவில் ஏறாது" என்பது சும்மா மண்டி வழக்கம் மட்டும் இல்லை. வட இந்தியாவில் இதையே தர்மாதா என்று பில்லில் போடுவார்கள். பிஜ்லி காட்டன் மில்ஸ் என்ற பஞ்சாலை வாங்கிய தர்மாதாவை வருமான வரித்துறை வருமானமாகச் சேர்த்தது. 1979-ல் உச்ச நீதிமன்றம், வாங்கும்போதே தர்மத்துக்கு என்று கட்டுப்பட்ட பணம் வியாபாரியின் வருமானம் ஆகாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அது வாடிக்கையாளரிடம் தனி வரியாக வாங்கி, தனிக் கணக்கில் வைத்த பணம். அக்கா செய்யப்போவது கல்லாவிலிருந்து ஒதுக்குவது. அது உங்கள் சொந்தப் பணம், நன்கொடை. சங்கம் நன்கொடைக்கான 80ஜி அனுமதி வாங்கியிருந்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. பில்லில் தனி வரி போடும் யோசனை வந்தால் ஜிஎஸ்டி கேள்வியும் சேர்ந்து வரும், உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கட்டடச் செலவுக்கு: நகராட்சியில் 'நமக்கு நாமே' திட்டம் என்று கேளுங்கள். மக்கள் பங்காக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். "நிதி இல்லை" என்று வாயால் சொன்னதை எழுதி வாங்கப் பார்க்காதீர்கள், அது வீம்பாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு எங்களிடம் இருக்கிறது, இடம் காட்டுங்கள் என்று ஆணையரிடம் மனுவாகக் கொடுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

பாபின் கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்க எழுதினதைப் பிரிண்ட் எடுத்துப் பக்கத்து பாத்திரக்கடை அண்ணன்கிட்டயும் எதிர்த்தாப்ல மளிகைக்கடை பாய்கிட்டயும் கொடுத்தேன். பாய் படிச்சிட்டு, "இதைத்தானே நாங்க பள்ளிவாசல்ல செய்றோம், வீதிக்குன்னா நான் ரெடி"ன்னுட்டார். பாத்திரக்கடை அண்ணனுக்கு ஆயிரத்துக்கு ஒண்ணுங்கிற கணக்கு பிடிக்கலை. எல்லாரும் சமமாப் போடணும்கிறார். அவர் கடையிலதான் யாவாரம் அதிகம், அதனால அவர் சொல்றது எனக்குப் புரியுது. பேசிக்கிட்டிருக்கோம்.

இப்போதைக்கு எட்டுக் கடை சரின்னு சொல்லியிருக்காங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு உண்டியல் வெச்சு ஒதுக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். பவர் டேபிள் தம்பி கேட்ட சாக்கடையைப் போய்ப் பார்த்தேன். நேரா வாய்க்காலுக்குத்தான் போகுது, எங்க கடையோடதும் சேர்த்து. அதனால இடம் கேக்கிறப்ப செப்டிக் டேங்குக்கும் சேர்த்துத்தான் கேக்கணும்.

ஒரு சந்தேகம். இலவசமா விடணுமா, அஞ்சு ரூபா வாங்கலாமா? இலவசம்னா குடிகாரங்க வந்து நாசம் பண்ணுவாங்கன்னு பாத்திரக்கடை அண்ணன் பயப்படுறார். காசு வாங்கினா கிராமத்துப் பாட்டிங்க வராம அடக்கிக்குவாங்கன்னு எனக்குப் பயம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

காசு வேண்டாம் தாயி. அஞ்சு ரூபா வாங்க ஒரு ஆள் போடணும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கணும், அவன் சில்லறை இல்லேம்பான். பொம்பளைகளுக்கு மட்டும்னு கட்டுங்க, வாசல் கடைவீதியைப் பார்த்து இருக்கட்டும், உள்ள போறவங்க வர்றவங்க நாலு கடைக்குத் தெரியணும். ராத்திரி கடை அடைக்கிறப்ப பூட்டி, காலையில கடை திறக்கிறப்ப திறக்கணும். சாவி முறை வச்சு மாறட்டும். பாத்திரக்கடைக்காரருக்கு முதல் முறை கொடுங்க. சமமாப் போடணும்னு சொல்றவருதானே, பொறுப்பையும் சமமா ஏத்துக்கிடட்டும்.

சும்மா ஒருத்தன் எழுதியது:

கல்வெட்டு வைக்காதீங்க, அது போதும். அக்கா, எட்டுக் கடையில ஜெராக்ஸ் கடை இருந்தா மாசக் கணக்கை ஒரு தாள்ல அடிச்சுக் கழிப்பறைச் சுவர்லயே ஒட்டச் சொல்லுங்க. அங்கே நிக்கிறவங்களுக்குப் படிக்க நேரம் இருக்கும்.

எங்க ஊர்ப் பாதிக் கட்டடத்துக்குப் பின்னால நல்ல செப்டிக் டேங்க் ஒண்ணு கட்டி அப்படியே கிடக்கு. இதையெல்லாம் படிச்சிட்டு, அதுக்கு எவ்வளவு பாக்கின்னு மேஸ்திரிகிட்ட கேட்டு வெச்சிருக்கேன்.